பிளஸ் 2 ரிசல்ட் வந்தாச்சு: எந்த மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது?

ரிசல்ட் வந்த அரை மணி நேரத்துக்குள் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய டியூஷன் மாஸ்டர் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மொத்தம் எவ்வளவு?" பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், அரசு கலை அறிவியல் கல்லூரி என எந்தச் சேர்க்கையிலும் தரவரிசை போடுவது அந்த 600-க்கான மொத்தத்தை வைத்து அல்ல. உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஆறு பாடங்கள் இருக்கின்றன. நீங்கள் சேர நினைக்கும் படிப்பைப் பொறுத்து அதில் சில பாடங்கள் கணக்கில் வரும், சில வராது. வருகிற பாடங்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

இந்த வழிகாட்டி தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்ட பிளஸ் 2 மாணவர்களுக்கானது.

முடிவைப் பார்ப்பது

ஹால் டிக்கெட்டில் உள்ள தேர்வு எண்ணும் பிறந்த தேதியும் போதும். பிறந்த தேதி என்றால் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் தேதி. வீட்டில் கேக் வெட்டும் தேதியும் பள்ளியில் கொடுத்த தேதியும் வேறாக இருப்பவர்கள் நிறையப் பேர். "விவரம் இல்லை" என்று திரையில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடுத்த காரணம், பழைய ஹால் டிக்கெட்டைப் பார்த்து எண்ணைப் போடுவது. இரண்டும் சரியாக இருந்தும் பக்கம் வெறுமையாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது நெரிசல்தான், உங்கள் ரிசல்ட்டில் ஒன்றும் பிரச்சினை இல்லை.

நெரிசலில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டிஜிலாக்கரில் பார்க்கலாம். பள்ளியில் பதிவு செய்த செல்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் மதிப்பெண் வரும். அந்த எண் அப்பாவின் பழைய சிம்மாக இருந்தால் வராது. அதனால் ரிசல்ட்டுக்கு முன்பே பள்ளியில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் தேசிய தகவலியல் மையத்திலும், மைய நூலகம், கிளை நூலகங்களிலும் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்துக் கூட்டத்தில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. தேர்வு எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் மதிப்பெண்ணைப் பார்க்க முடியும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "எனக்கும் பார்த்துச் சொல்லுடா" என்று இரண்டையும் போட்டுவிட்டால், பிறகு யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் இருப்பது என்ற முடிவு உங்கள் கையில் இல்லை. "பணம் கட்டினால் மார்க் ஏற்றித் தருகிறோம்" என்று இந்த நாட்களில் வரும் போன் எல்லாம் மோசடி. பேச்சை வளர்க்காமல் துண்டியுங்கள்.

திரையில் உள்ளதைப் படிப்பது

செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். செய்முறை, அகமதிப்பீடு இரண்டிலும் 30-க்கு 30 வாங்கிவிட்டு எழுத்துத் தேர்வில் 5 எடுத்தால் கூட்டல் 35 வரும், ஆனால் தேர்ச்சி கிடைக்காது. 70-க்கான தாளில் குறைந்தது 15, 90-க்கான தாளில் குறைந்தது 25 தனியாக எடுத்திருக்க வேண்டும். "35 இருக்கு, ஆனா ஃபெயில்னு காட்டுது" என்ற குழப்பத்துக்குக் காரணம் இந்த விதிதான்.

எனவே மொத்தக் கட்டத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியையும் குறுக்காகப் படியுங்கள். இயற்பியலில் 88 வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 58 + 20 + 10. மற்றவருக்கு 62 + 17 + 9. கல்லூரிக்கு இரண்டும் 88 தான். ஆனால் பாடத்தில் யாருக்குப் பிடி அதிகம் என்பதை எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் சொல்லும். முதலாமவர் எழுத்துத் தேர்வில் 12 மதிப்பெண் விட்டிருக்கிறார், இரண்டாமவர் 8 தான்.

செய்முறைக் கட்டம் காலியாகவோ, நீங்கள் தேர்வுக்குப் போயும் வராதவர் என்றோ இருந்தால் அது பெரும்பாலும் பதிவேற்றத்தில் நடந்த பிழை. அன்றைக்கே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். இதற்கு மறுகூட்டல் கேட்டுப் பயனில்லை. மறுகூட்டலில் பார்ப்பது எழுத்துத் தேர்வு விடைத்தாளைத்தான்.

பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவற்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அசல் சான்றிதழ் அச்சாவதற்கு முன் பிழையைச் சொல்வது எளிது, அச்சான பிறகு அலைச்சல். இன்னொன்று: திரையைப் படம் பிடித்து வைத்தது எங்கேயும் செல்லாது. சேர்க்கைக்குத் தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் வேண்டும். அதற்கான அறிவிப்பு வந்ததும் பள்ளியில் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு வாங்கி, நகல்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் போடுவது

கட்-ஆஃப் என்பது சேர்க்கைக்குக் கணக்கில் வரும் பாடங்களை மட்டும் கூட்டிப் போடும் மதிப்பெண். பொறியியலுக்குக் கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி, மொத்தம் 200. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி. வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு நான்கு முக்கியப் பாடங்களும் சமம், ஒவ்வொன்றும் 50. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப் பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கும் சேர்த்து 400-க்கு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்.

இப்போது இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் மாணவி (கணினி அறிவியல் பிரிவு): தமிழ் 98, ஆங்கிலம் 96, கணிதம் 82, இயற்பியல் 78, வேதியியல் 80, கணினி அறிவியல் 99. மொத்தம் 533.

இரண்டாம் மாணவி (உயிரியல் பிரிவு): தமிழ் 84, ஆங்கிலம் 80, கணிதம் 97, இயற்பியல் 92, வேதியியல் 93, உயிரியல் 85. மொத்தம் 531.

மொத்தத்தில் முதலாமவர் 2 மதிப்பெண் முன்னால். பொறியியல் கட்-ஆஃப் போட்டால் முதலாமவருக்கு 82 + 39 + 40 = 161. இரண்டாமவருக்கு 97 + 46 + 46.5 = 189.5. இடைவெளி 28.5. கல்லூரிப் பட்டியலே வேறாகிவிடும் அளவுக்கு அது பெரியது. பி.எஸ்சி. சேர்க்கைக்கு 400-க்கு 339, 367. பி.ஏ. ஆங்கிலம் என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது: 96-க்கு எதிரே 80. இரண்டாமவரின் கால்நடை மருத்துவக் கட்-ஆஃப் 85 + 46 + 46.5 = 177.5, வேளாண்மைக்கு 183.5. ஒரே பட்டியலில் பொறியியலுக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் இடையே 12 மதிப்பெண் வித்தியாசம் வருகிறது, காரணம் உயிரியல் ஒன்றுதான்.

பொறியியலுக்குக் கணிதத்தில் கிடைக்கும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் கிடைக்கும் இரண்டுக்குச் சமம். இதை மனதில் வையுங்கள், கீழே விடைத்தாள் நகல் கேட்கும்போது உதவும்.

மொத்தம் எங்கேயுமே தேவைப்படாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜேஇஇ வழியாக என்ஐடி, ஐஐடி போகிறவர்களுக்குப் பிளஸ் 2-வில் 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 65) வேண்டும், அல்லது அந்தந்தப் பாடத்திட்டத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் (மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 20 சதவீத மாணவர்களுக்குள்) வர வேண்டும். எம்பிபிஎஸ் தரவரிசை முழுக்க நீட் மதிப்பெண்ணில்தான். அங்கே பிளஸ் 2 என்பது இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தபட்ச சதவீதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்.

கட்-ஆஃபை ஒப்பிடாதீர்கள், தரவரிசையை ஒப்பிடுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். "போன வருஷம் அந்தக் காலேஜ்ல 180-க்குக் கிடைச்சுது, எனக்கு 182 இருக்கு, கண்டிப்பா கிடைக்கும்" என்பது நம்பக் கூடாத கணக்கு. கணிதத் தாள் எளிதாக வந்த ஆண்டில் மேலே கூட்டம் சேரும், 182-க்கு மேல் நிறையப் பேர் இருப்பார்கள். கடினமாக வந்த ஆண்டில் அதே 182 உங்களை வெகுவாக முன்னே கொண்டுபோய் நிறுத்தும். இடங்களின் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறாது. ஆகவே கடைசி இடம் எந்தத் தரவரிசை எண்ணில் முடிந்தது என்பது கட்-ஆஃபைவிட நம்பகமானது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பொறியியல் தரவரிசைப் பட்டியல் வரும்வரை கட்-ஆஃபை வைத்துத் தோராயமாக ஒரு கல்லூரிப் பட்டியல் போட்டு வையுங்கள். தரவரிசை வந்ததும் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கலந்தாய்வு இணையதளத்தில் உள்ள முந்தைய ஆண்டுகளின் கல்லூரி வாரி, பாடப்பிரிவு வாரி, சமூகப்பிரிவு வாரி விவரங்களில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் என்னென்ன கிடைத்திருக்கின்றன என்று தேடிப் புதுப் பட்டியல் எழுதுங்கள்.

நண்பரின் பட்டியலை அப்படியே காப்பியடிக்க முடியாததற்கு இன்னொரு காரணம் இட ஒதுக்கீடு. பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, எஸ்சி அருந்ததியர் 3, எஸ்டி 1, ஆக 69 சதவீதம். மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. உங்களுக்குப் பொதுத் தரவரிசை ஒன்றும் சமூகத் தரவரிசை ஒன்றும் வரும். பொதுத் தரவரிசையைப் பொது ஒதுக்கீட்டுக் கடைசி எண்ணோடும், சமூகத் தரவரிசையை அதே பிரிவின் கடைசி எண்ணோடும் வைத்துப் பாருங்கள். மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு "எனக்கு எங்கேயும் கிடைக்காது போல" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. மருத்துவத்தில் 2020 முதல், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதல். இதற்குப் படிப்புச் சான்று வேண்டும், அந்த வேலையை இப்போதே தொடங்குங்கள்.

ஒரே கட்-ஆஃபில் பலர் நிற்பது சகஜம். மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் கட்-ஆஃப் அரை அரை மதிப்பெண்ணாகத்தான் நகரும், 189.3 என்று ஒன்று வரவே முடியாது. எனவே 189.5-இல் பெரிய கூட்டமே இருக்கும். முதலில் கணித மதிப்பெண் அதிகம் உள்ளவர் முன்னே போவார், பிறகு இயற்பியல். எல்லாம் சமமாகவே இருந்தால் கடைசியில் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை, அதிலும் சமம் என்றால் ரேண்டம் எண் (விண்ணப்பதாரர்களுக்குக் கணினி குலுக்கல் முறையில் தரும் எண்) பெரிதாக உள்ளவருக்கு. ரேண்டம் எண் வெளியாகும் நாளில் அதைப் பார்த்துக் கவலைப்படுவதும் கொண்டாடுவதும் அனாவசியம். பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போகவே தேவைப்படாது.

சிபிஎஸ்இ நண்பரோடு, அண்ணனோடு

சிபிஎஸ்இ நண்பருக்கு ஐந்து பாடங்கள், 500. உங்களுக்கு 600. சதவீதமாக்கினால் ஒப்பிட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் கலந்தாய்வில் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் மற்ற வாரியத்தின் அதிகபட்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் அதிகபட்சத்துக்குச் சமமாக வைத்து, அந்த வாரியத்தின் மற்ற மாணவர்களின் மதிப்பெண்ணையும் அதே விகிதத்தில் உயர்த்துவார்கள். மாநிலத்தில் இயற்பியல் அதிகபட்சம் 100, அந்த வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 ஆகும். அங்கேயும் ஒருவர் 100 எடுத்துவிட்டால் 60 என்பது 60 ஆகவே இருக்கும்.

சிபிஎஸ்இ-யின் ஏ1 கிரேடைப் பார்த்து 91-க்கு மேல் என்று முடிவு கட்ட வேண்டாம். அது அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கொடுப்பது. பாடத்துக்குப் பாடம், ஆண்டுக்கு ஆண்டு அதன் எல்லை மாறும்.

அண்ணன், அக்காவோடு ஒப்பிடுவதிலும் பொறிகள் உண்டு. 2018 வரை பிளஸ் 2 எழுதியவர்களுக்கு மொத்தம் 1200. அவர்களின் 1100 உங்கள் 550 என்று பாதியாக்கினாலும், அப்போதைய வினாத்தாளும் அகமதிப்பீடு இல்லாத முறையும் வேறு. 2021 பிளஸ் 2-வுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. 10-ஆம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் 1-இலிருந்து 20, பிளஸ் 2 செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்துப் போட்ட மதிப்பெண் அது. முந்தைய ஆண்டு கட்-ஆஃப் பட்டியல்களைப் பார்க்கும்போது 2021-ஐத் தாண்டிப் போய்விடுங்கள்.

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்ற அறிவிப்பு 2017-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றைக்கு யாராவது "மாநில அளவில் மூன்றாமிடம்" என்று பேனர் வைத்தால் அது அவர்களாகவே போட்ட கணக்கு.

எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால்

ஒப்பிட வேண்டியது நண்பரின் மதிப்பெண்ணோடு அல்ல, உங்கள் அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்களோடு. அதே பாடத்தில் தொடர்ந்து 85 வாங்கியவருக்குப் பொதுத்தேர்வில் 64 என்றால் விடைத்தாள் நகல் கேட்க வேண்டியதுதான். 85-க்கு 81 என்றால் பொதுவாகத் தேவையில்லை, கணிதமாக இருந்து பொறியியல் குறியாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். பள்ளி மாணவர்கள் பள்ளி வழியாக, தனித்தேர்வர்கள் தேர்வு எழுதிய மையம் வழியாக. பாடத்துக்குத் தனித்தனிக் கட்டணம். சமீப ஆண்டுகளில் நகலுக்கு 275 ரூபாய், மறுகூட்டலுக்கு 205 ரூபாய் (உயிரியலுக்கு 305), மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். நகல் வாங்காதவர் நேரடியாக அதைக் கேட்க முடியாது. ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை வைத்துத்தான் நகலைப் பதிவிறக்க முடியும், தொலைத்துவிடாதீர்கள்.

நகல் கைக்கு வந்ததும் பேனாவோடு உட்காருங்கள். இயற்பியல் போன்ற 70 மதிப்பெண் தாளில் 15 ஒரு மதிப்பெண், 6 இரண்டு மதிப்பெண், 6 மூன்று மதிப்பெண், 5 ஐந்து மதிப்பெண் வினாக்கள். கணிதத்தில் 20 ஒரு மதிப்பெண், பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண்களில் ஏழேழு வினாக்கள். இந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வினாவுக்கும் கிடைத்ததை எதிரே போடுங்கள். மூன்று விஷயங்கள் தெரியவரும்: மதிப்பெண் போடாமல் விட்ட விடை ஏதாவது இருக்கிறதா, பக்கக் கூட்டல்கள் முகப்புத் தாளுக்குச் சரியாக ஏறியிருக்கின்றனவா, விடை சரியாக இருந்தும் குறைத்துப் போட்டிருக்கிறார்களா.

இரண்டாவது மட்டும் என்றால் மறுகூட்டல் போதும். மூன்றாவது என்றால் மறுமதிப்பீடு. அதற்கு முன் அந்தப் பாட ஆசிரியரிடம் விடைக்குறிப்போடு திருத்திக் காட்டச் சொல்லுங்கள். மாணவருக்குச் சரியென்று தோன்றும் விடைக்கு விடைக்குறிப்பில் படிப்படியாக மதிப்பெண் பிரித்திருப்பார்கள். சூத்திரம் எழுதாமல், அலகு போடாமல் விட்டதற்குக் குறைத்திருந்தால் திரும்ப வராது. ஒரு மதிப்பெண் பகுதியில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். ஒன்றை மட்டும் எழுதியவர்கள் அங்கே இழந்திருக்கலாம். ஆசிரியர் இரண்டு மதிப்பெண்தான் தேறும் என்றால், அந்த இரண்டு உங்கள் கட்-ஆஃபில் எவ்வளவு என்று பாருங்கள். தமிழில் இரண்டு கூடினால் பொறியியல் கட்-ஆஃப் அசையாது, கணிதத்தில் கூடினால் இரண்டு முழுதாக ஏறும்.

முடிவு வரும்போது மாற்றம் உள்ள தேர்வு எண்கள் மட்டும் பட்டியலாக வெளியாகும். பட்டியலில் உங்கள் எண் இல்லை என்றால் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. மாறியிருந்தால் திருத்திய மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே விண்ணப்பித்த எல்லாச் சேர்க்கைகளிலும் புது மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று தனித்தனியாகச் சரிபாருங்கள்.

ஒரு பாடம் போய்விட்டால்

துணைத் தேர்வு ஜூன், ஜூலை வாக்கில் நடக்கும். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், மற்ற பாடங்களின் மதிப்பெண் அப்படியே இருக்கும். தேர்ச்சி பெற்றால் அதே ஆண்டே கல்லூரியில் சேரலாம். பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப நாட்கள் ரிசல்ட்டை ஒட்டியே வந்துவிடும் என்பதால் விடைத்தாள் நகலுக்காகக் காத்திருந்து இதைத் தவறவிடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

ரிசல்ட் அன்று வீட்டில் யாரோடும் பேச முடியாமல் இருந்தால் 14416 (டெலி மானஸ்) அல்லது 104 எண்ணைக் கூப்பிடலாம். துணைத் தேர்வு, சான்றிதழ், உயர்கல்வி பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417.